வெள்ளைத்தாடியின் குதிரை

என் கணவருக்கு அலுவலகத்தில் தராசு என்று பட்டப்பெயர். வீடியோ கேம் கம்பெனி ஒன்றில், போர்த் தந்திர விளையாட்டில், எந்த வீரனும் மற்றவர்களை மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஓயாமல் ஜெயிக்கிறவனைக் கொஞ்சம் தட்டிவைப்பார். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கியதில்லை, ஆனால் சக்கரவர்த்திகளின் தலையெழுத்தே இவர் கையில்!

வீட்டில் என் கொழுந்தன். தசை கரைகிற நோய். கால் போய் நாலு வருஷம், தோளும் தளர்ந்துவிட்டது, விரல்கள்தான் மிச்சம். "விரலும் ஒருநாள் மந்தமாகும்" என்று டாக்டர் சொல்லிவைத்திருந்தார். அந்த விரல்களால் அவன் நாள் முழுக்க அண்ணன் கம்பெனி விளையாட்டைத்தான் ஆடினான். எடுப்பது ஒரே ஆளை: பழைய சீனப் போர்களில் வரும் வெள்ளைத்தாடித் தளபதி. வேறு யாரும் சீண்டாத கிழவன். எதிரி ஈட்டியை ஓங்கும் அதே நொடியில் பொத்தானை அழுத்தினால் கிழவனின் குதிரை பாயும். முந்தினாலும் பிந்தினாலும் சாவுதான். கொழுந்தனுக்குத் தப்பவே தப்பாது. "அண்ணி, பாத்தீங்களா, கிழவன் எப்படி அள்ளிட்டான்!" என்று கத்துவான். நான் போட்டது போட்டபடி ஓடுவேன். எனக்கு ஒரு மண்ணும் புரியாது. அவன் முகத்தைப் பார்க்கத்தான் ஓடுவேன்.

ஒருநாள் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெள்ளைத்தாடி ரொம்ப ஜெயிக்கிறான்னு மேனேஜர் குதிக்கிறார். குதிரையை அரை நொடி தாமதமாக்கச் சொல்லிட்டார். வெளியே அறிவிக்க மாட்டோம்."

"ஜெயிக்கிறது கிழவனா? உங்க தம்பி! எடுத்துச் சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

"கம்பெனி ஆளுங்க வீட்டுல யாரும் இந்த விளையாட்டை ஆடக் கூடாதுன்னு விதி இருக்கு. தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும். நீ கம்முனு இரு."

நானும் கம்மென்று இருந்தேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

புதன்கிழமை மாற்றினார்கள். கொழுந்தன் பதினோரு ஆட்டம் வரிசையாகத் தோற்றான். சாயங்காலம் அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டான்: "அண்ணா, நான் அழுத்தறேன், குதிரை லேட்டா கிளம்புது. ஏதாவது மாத்தினீங்களா?"

உடன்பிறந்தவனிடம் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணும் மாத்தலையே" என்றார் அந்த மனுஷன். "டாக்டர் சொன்னாரே... அதுவா இருக்கும்டா."

கொழுந்தன் தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான். அன்று முதல் ஸ்பூனைக்கூடத் தொடவில்லை. நான்தான் ஊட்டினேன்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கணவர் இல்லாதபோது உடைத்துச் சொன்னேன்: "தம்பி, உன் விரல் நல்லா இருக்கு. குதிரையைத்தான் மாத்திட்டாங்க, சத்தியமா."

அவன் சிரித்தான். "எனக்கு ஆறுதல் சொல்றீங்க அண்ணி. அண்ணன் போய் இந்த விஷயத்துல பொய் சொல்வாரா?"

எவ்வளவு மன்றாடியும் நம்பவில்லை. என் கணவரோ, நான் சண்டை போட்டால் டிவி சத்தத்தைக் கூட்டினார். பாவி!

நாலாவது மாதம், வெள்ளைத்தாடியை இப்போது எவனும் தொடுவதில்லை என்று மேனேஜர் குதிரையைப் பழையபடி ஆக்கச் சொன்னாராம். என் கணவர் வாயெல்லாம் பல்லாக வந்து தம்பியின் மடியில் கன்ட்ரோலரை வைத்தார். "சும்மா ஒரு ஆட்டம் ஆடிப் பாருடா."

மாதக்கணக்கில் அசைக்காத விரல்கள் விறைத்துக் கிடந்தன. கொழுந்தன் பல்லைக் கடித்து முயன்றான். கட்டைவிரல் பொத்தான் வரைக்கும்கூடப் போகவில்லை.

"பாத்தீங்களா அண்ணி," என்றான், "அண்ணன் அன்னைக்கே சரியாத்தான் சொன்னாரு."