தாம்பாளத்தில் ஒரு ரிவால்வர்

கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்ளும் எனக்குத் துப்பாக்கி ஆசை வந்தது சிட்னியில்தான். எழுபதுகளின் நடுவில் ஹோம்புஷ்ஷில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். சனிக்கிழமை என்ன செய்தாய் என்று அலுவலகத்தில் கேட்பார்கள். துணி துவைத்தேன் என்று எத்தனை வாரம்தான் சொல்வது? ஒரு துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தேன், லைசென்ஸ் எடுத்தேன், நூறு வயதை நெருங்கிய ஒரு ரிவால்வரையும் வாங்கினேன்.

ஏழு குண்டு போடும் சின்னச் சாமான். அதன் தோட்டாவை நடுவில் அடித்தால் ஒன்றும் ஆகாது. அடிப்பகுதியின் விளிம்பில் தட்டினால்தான் வெடிக்கும். அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதும், உருளையைச் சுழற்றிச் சத்தம் கேட்பதும் எனக்குப் பேரின்பம். சனிக்கிழமைகளில் என் குண்டுகள் இலக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டு வரும்.

சட்டப்படி அதைச் சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். தவறினால் லைசென்ஸும் போகும், ரிவால்வரும் போகும்.

"அந்தக் கிழட்டுச் சனியனுக்கு இரும்புப் பெட்டி, என் நகைக்கு பிஸ்கட் டப்பாவா?" என்றாள் என் மனைவி. கேள்வி நியாயமானதுதான். நான் ரிவால்வருக்கு எண்ணெய் போடப் போய்விட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. நம்மவர் கோயில் எதுவும் அப்போது சிட்னியில் இல்லை. எங்களுக்குச் சாப்பாட்டு மேஜைதான் சன்னிதி. தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, கார் சாவி எல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பொரி கிடைக்காததால் காலை உணவுப் பெட்டியிலிருந்த உப்பிய அரிசி பொரியாகியிருந்தது. வீட்டில் இருக்கும் ஒரே நிஜ ஆயுதத்தை விட்டுவிட்டு என்ன ஆயுத பூஜை என்று அவளே கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிவால்வரை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். தாராளமாகச் சந்தனம் பூசினாள்.

கற்பூரம் அணைவதற்குள் கதவு தட்டப்பட்டது. பெட்டியைச் சோதிக்க வந்த போலீஸ்காரர். திறந்து காட்டினேன். உள்ளே பிஸ்கட் டப்பா இருந்தது. இடம் காலியான ஐந்தாவது நிமிடமே அவள் நகையைக் குடியேற்றியிருந்தாள். ஆயுதம் எங்கே என்று கேட்டார். மேஜையைக் காட்டினேன். ரோஜாப்பூவுக்கு நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்ததை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, உடனே எடுத்து உள்ளே வை, இல்லாவிட்டால் நான் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார்.

கை நீட்டினேன். மனைவி மறித்தாள்.

"பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடக் கூடாது. இந்தப் போலீஸ்காரரும்தான்."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது என் லைசென்ஸ் கண்முன்னே பறந்துபோவது தெரிந்தது. நிஜமாகவே அழுகை வந்தது. அவளோ நிதானமாகத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். பூ, சந்தனம், உப்பிய அரிசி, ரிவால்வர் எல்லாம் அப்படியே பெட்டிக்குள் போயின. யாரும் ஆயுதத்தைத் தொடவில்லை, சட்டமும் பிழைத்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார். போகும்போது, லைசென்ஸ் உள்ளவரிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்று எச்சரித்தார்.

நகையை வெளியே எடு என்றேன். இத்தனை நாளில் இன்றுதான் நிம்மதி என்றாள். நகையை எடுக்க அவள் சாவியைத் தொட வேண்டுமென்றால் அவளுக்கும் லைசென்ஸ் வேண்டும். வேறு வழியில்லாமல் அவளையும் கிளப்பில் சேர்த்தேன்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதன்முதலாகச் சுட்டாள். ஏழு ஓட்டையையும் ஓர் உள்ளங்கையால் மூடலாம். எனக்கு வணக்கம் சொல்லவே ஒரு வருஷம் யோசித்தவர்கள் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அவளுக்கு லைசென்ஸ் வந்த மறுநாளே பெட்டிச் சாவி அவள் கொத்துக்குப் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை காலை ரிவால்வரை எடுக்கப் போனேன், சாவி இல்லை. சமையலறையில் போய்க் கேட்டேன்.

"காலையில நான் சுட்டுக்கறேன்," என்றாள். "மீதி தோட்டா இருந்தா உங்களுக்குத் தர்றேன்."