சாவி வைத்திருந்த திருடன்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆரணியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் நடந்தது இது.

நான் பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போடுகிறவன். மிச்ச நேரமெல்லாம் கேம் பைத்தியம். அதுவும் படபடவென்று சுடுகிற ஆட்டமில்லை. விதிகளைப் படித்து முடிக்கவே பொறுமை வேண்டும், அந்தப் பழைய மாதிரி ஆட்டம். நாமே ஒரு வீரனை உருவாக்கி, ஊர் ஊராகப் போய், எதிர்ப்படுகிறவர்களிடம் பேச வேண்டும். சண்டை வந்தால் பகடை உருட்டி முடிவு பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் யார் இதைச் செய்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்த நானும் நண்பனும், தமிழில் நாமே ஒன்று செய்துவிடுவோம் என்று இறங்கினோம். பிடித்தவர்கள் முடிந்த பணத்தைப் போடுங்கள் என்று இணையத்தில் கேட்டோம். கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறவர்கள் சொல்லும் பெயரை ஆட்டத்தில் ஒரு பாத்திரத்துக்கு வைப்பதாகவும் சொன்னோம். வாளை உருவாமல் யோசிக்கிறவர்களுக்கு எல்லா இடத்திலும் வேறு வழி உண்டு என்பதுதான் எங்கள் விளம்பரம்.

எந்தப் பெயரை யாருக்கு வைப்பது என்று உட்கார்ந்து யோசிக்கவில்லை. நம் ஆட்டத்தில் எல்லாமே பகடைதானே என்று கெத்தாக அதையும் உருட்டியே முடித்தோம். ஒரு பெயர், பாழடைந்த கோட்டை வாசலில் நிற்கும் திருடனுக்கு விழுந்தது. சாவி அவனிடம் இருக்கும். அவனைக் கொன்றால்தான் கதவு திறக்கும். அவசரத்தில் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வேறு வழி எழுதாமல் விட்டிருந்தேன். முதல் பதிப்பைப் பணம் போட்டவர்களுக்கு அனுப்பியதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெயர்தான் கேலிக்கு ஆளானது. "இன்னிக்கும் அவனப் போட்டுட்டேன்" என்று ஒருவர் எழுத, நானும் சிரிக்கிற பொம்மையைப் போட்டேன்.

அந்த ஞாயிறு, பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து பஸ் பிடித்து, பணம் போட்டவர்களில் ஒரு பெண் வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தான் கொடுத்த பெயர் இன்னது என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவராக்கா? எங்க கேம்லயே ஜாஸ்தி சாவறது அவர்தான்!"

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"என் தம்பி பேருங்க அது. இந்த மாதிரி கேம்னா அவனுக்கு உசுரு. பைக்ல அடிபட்டுப் போய்ட்டான். எனக்கு இதெல்லாம் தெரியாது, அவன் பேரு வருதேன்னு கத்துக்கினேன்" என்று திரையை என் பக்கம் திருப்பினார். "சாப்பாடு குடுத்துப் பாத்தேன், பேசிப் பாத்தேன், சுத்திகினு போயும் பாத்தேன். கதவு தொறக்கல. அவனக் கொல்லாம போறதுக்கு வழி எங்க இருக்குதுங்க? எனக்குத்தான் தெரியல போல."

திருடனுக்கு எதிரே அவருடைய வீராங்கனை வெறுங்கையோடு நின்றிருந்தாள். வாளை முந்தின ஊரிலேயே விற்றுவிட்டாராம்.

அப்படி ஒரு வழியே இல்லை என்று என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. "ராஜாவா மாத்திடறேன்க்கா" என்று உளறினேன்.

"ராஜாலாம் வேணாங்க. அவன் அங்கயே இருக்கட்டும். பேசினா வழி விட்டாப் போதும்."

அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது, அவர் தம்பி யாரையாவது பார்த்தால் என்ன பேசுவார் என்று.

"யாரப் பாத்தாலும் 'சாப்ட்டியா'ன்னுதான் மொதல்ல கேப்பான்."

இப்போது அந்தத் திருடன், எதிரே வருகிறவர்களிடம் அதைத்தான் கேட்கிறான். நின்று பதில் சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுகிறான். ஆட்டத்திலேயே அருமையான இடம் அதுதான் என்று பலர் என்னைப் பாராட்டி எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம், எங்கள் விளம்பரத்தில் நான் எழுதிய ஒரு வரியை நம்பி, வாளை விற்றுவிட்டு, இல்லாத வழியைத் தேடிக்கொண்டிருந்த அந்த அக்காவின் முன்னால் நான் சிரித்த சிரிப்புதான் எனக்குக் கேட்கிறது.