மேல்வீட்டு சாரின் ஜப்பான் செடி

முதல் தடவை பார்த்தபோது அதை வெங்காயத்தாள் என்றுதான் நினைத்தேன். ஒரு சாண் உயரம்கூட இல்லை. தடித்த இலைகள் இரண்டு பக்கமும் வளைந்து, சிறிய தொட்டியின் வாயில் கொண்டை போட்டதுபோல் குவித்துவைத்த காய்ந்த பாசியின்மேல் உட்கார்ந்திருந்தன. உள்ளே ஒரு பிடி மண் கிடையாது. என் கண்ணை மட்டும் குறை சொல்லக் கூடாது. பால் போடுகிறவரும் அண்ணாந்து பார்த்து, "சாஹேப், காந்தா லாவ்லாய் கா?" என்று, வெங்காயமா நட்டிருக்கிறீர்கள் என்று, மராத்தியில் கேட்டிருக்கிறார்.

தொண்ணூறுகளின் பாதியில், புனேயில் ஹடப்சர் பக்கம் நான் தனிக்கட்டையாகக் குடியிருந்த கட்டடம் அது. எனக்கு மேல்வீட்டில் ஈரோட்டுக்காரத் தம்பதி. அவர் எனக்கு சார், அவர் மனைவி எனக்கு அக்கா. சார் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புக்குத் தலைவர். அங்கே மெஷின் பொருத்த வந்திருந்த ஜப்பான் பொறியாளர் ஊருக்குத் திரும்பும்போது மற்ற அதிகாரிகளுக்கெல்லாம் கைக்கடிகாரம் கொடுத்துவிட்டு, சாருக்கு மட்டும் இந்தச் செடியைக் கொடுத்தார். காற்று ஆர்கிட். மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும், பகலில் வாசனை லேசாகத்தான் இருக்கும், பொழுது சாய்ந்தால் வீடே மணக்கும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அக்காவுக்கு ஆறவே இல்லை. "மத்தவங்க வீட்டுல வாட்ச்சு டைம் காட்டுதுங்க தம்பி. எங்க வீட்டுல இது எந்த டைமுக்குப் பூக்கும்னு பார்த்துட்டு உக்காந்திருக்கோம்" என்பார்.

சார் தினமும் காலையில் பூதக்கண்ணாடியும் கையுமாக பால்கனிக்கு வருவார். வேர் நுனி பச்சையாக இருந்தால் செடி வளர்கிறது, தண்ணீர் தெளிக்கலாம். நுனியும் வெளுத்து மூடிக்கொண்டால் தூங்குகிறது, தொடக் கூடாது. புனேக் குளிரில் இலையெல்லாம் சுருங்கிப்போய்ப் பார்க்கவே பாவமாக இருக்கும். அப்போதும் வாரக்கணக்கில் தண்ணீர் காட்ட மாட்டார். அந்தக் குளிரைப் பட்டினியோடு கடந்தால்தான் பூக்குமாம். "காத்துதானுங்க இதுக்குச் சாப்பாடு" என்று அவர் விளக்கினால், அக்கா அடுப்படியிலிருந்து, "அப்ப நீங்க பக்கத்துல நின்னு பேசுனாலே போதுமே" என்பார்.

ஆறு வருஷம். ஒரு மொட்டுகூட வரவில்லை. கிண்டல் செய்கிறவர்களுக்கு நான்தான் தலைவன். படியில் பார்க்கும்போதெல்லாம், "சார், ஜப்பான்லேருந்து தகவல் ஏதாவது உண்டா?" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். "வேர் ரெண்டு மில்லிமீட்டர் வந்திருக்குதுங்க" என்று ஒழுங்காகப் பதில் சொல்வார். ஒரே ஒரு நாள் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவை மோந்து பார்த்துட்டாப் போதும் தம்பி, அப்புறம் பூக்காட்டியும் பரவாயில்லை" என்றார். அதற்கும் ஏதோ ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று நல்லவேளையாக மறந்துவிட்டது.

ஏழாவது வருஷம் மகளின் பிரசவத்துக்காக இருவரும் ஒரு மாதத்துக்கு ஊருக்குக் கிளம்பினார்கள். இலை இடுக்கில் தீக்குச்சி மருந்து அளவுக்கு ஏதோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "மொட்டா சார்?" என்றேன். "வேருங்க. முளைக்கும்போது ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். எத்தனை வேரைப் பூன்னு நம்பியிருக்கேன்" என்றார். சாவி என்னிடம் வந்தது. செடிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், சாரலே போதும் என்பது சாரின் கட்டளை. வெள்ளிக்கிழமை முருகன் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்ற வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. சார் வாராவாரம் போன் செய்து வேர் நிலவரம் கேட்பார். நான் பால்கனிப் பக்கமே போகாமல் இரண்டு மில்லிமீட்டர் கூட்டிச் சொல்வேன்.

அவர்கள் திரும்பி வருவதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. கொட்டுகிற மழை. தெருமுனையில் பூ விற்கிற மராத்திக்கார மாவ்ஷி கடை போடவில்லை. கரண்டும் போய்விட்டது. எனக்கோ நல்ல ஜலதோஷம். டார்ச்சோடு பால்கனிக்குப் போனேன். அக்காவின் முல்லைக்கொடி கம்பியெல்லாம் படர்ந்திருக்கும். வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்ததை எல்லாம் பறித்தேன், ஏழெட்டுப் பூ. முருகனுக்கு வைத்து, விளக்கேற்றி, கூடவே மூன்று ஊதுபத்தியும் கொளுத்தினேன். என் பொறுப்புணர்ச்சியை நானே மெச்சிக்கொண்டு படியிறங்கினேன்.

மறுநாள் காலை அவர்கள் வந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். மேலேயிருந்து அக்கா கூப்பிட்டார். போனேன். சாரின் உள்ளங்கையில் வாடிய பூ ஒன்று. மெல்லிய இதழ்களுக்குக் கீழே நீளமாக ஒரு வால் தொங்கியது. பால்கனியில் ஜப்பான் செடியின் இரண்டு காம்புகளும் மொட்டையாக நின்றன.

"ஏன் தம்பி," என்றார் அக்கா, "முல்லைக்கு வால் இருக்குமுங்களா?"

ஆறு வருஷமாகச் செடியைக் கிண்டலடித்த அக்கா அன்று முழுக்கச் செடியின் கட்சியில் இருந்தார். சார் பூவை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். திறந்தார். "ஊதுபத்தி வாசம்தானுங்க வருது" என்றார். பிறகு என்னிடம், "நேத்து நீங்க பறிக்கறப்ப மணத்துச்சுங்களா? எப்படி இருந்துச்சு?" வேர் விஷயத்தில் ஒரு மாதம் பொய் சொன்ன வாய்க்கு அன்று பொய் வரவில்லை. "ஜலதோஷம் சார், ஒண்ணும் தெரியல" என்றேன். "சாமிக்குத்தானே போட்டீங்க, விடுங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் மதியம் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பேன்.

அந்த வருஷக் கடைசியில் சார் ஓய்வு பெற்றார். சாமான்கள் லாரியில் ஏறிய பிறகு செடியோடு என் வாசலில் நின்றார். ஈரோட்டில் குளிர் போதாது, அங்கே பூக்கவே பூக்காது என்றார். "நானா சார்?" என்றேன். "இந்தக் கட்டடத்துலயே நீங்க ஒருத்தர்தான் இனிமே இதைப் பறிக்க மாட்டீங்கன்னு உறுதியாத் தெரியுங்க" என்றார். இதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை.

பூதக்கண்ணாடி வாங்கினேன். எனக்குக் கல்யாணமானது. புருஷன் எழுந்ததும் வேரைப் பார்ப்பது எந்த ஊர் வழக்கம் என்று என் மனைவி தன் அம்மாவிடம் போனில் விசாரித்தாள். இரண்டாவது ஜூலையில் பூத்தது. பொழுது சாய்ந்து வாசனை கிளம்பியதும் ஈரோட்டுக்கு எஸ்.டி.டி. போட்டேன். சார் கேட்டது ஒரே கேள்விதான். "எப்படி இருக்குதுங்க?" தேங்காய் பர்பி மாதிரி என்றேன். அடுத்த வருஷம், வெனிலா ஐஸ்கிரீம் தீர்ந்த டப்பா மாதிரி. அதற்கடுத்த வருஷம், குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தையின் கழுத்து மாதிரி. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு, "அப்புறமுங்க?" என்பார். அப்புறம் என்னிடம் சரக்கு இருக்காது. பூ என்னவோ வருஷா வருஷம் ஒரே மாதிரிதான் மணத்தது.

நாலாவது முறை மொட்டு வந்ததுமே தகவல் சொன்னேன். முழங்கால் வலியோடு சார் ரயிலேறிவிட்டார், அக்காவும் கூட. எங்கள் வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிப்பு, என் மனைவியின் பவுடர் எல்லாவற்றுக்கும் அன்று தடை. சார் ஐந்து மணிக்கே செடிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினொரு பூ. மழை விட்டிருந்தது. தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் அவர் முதுகு மெதுவாக நிமிர்ந்தது. வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னதுல ஒண்ணுகூட இல்லீங்களே தம்பி."

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து மோந்து பார்த்தார். இன்னொரு முறை மூச்சை இழுத்துவிட்டு, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பாடு அப்புறம் ஆகட்டுமுங்க," என்றார், "நாளைக்குத்தானே ரயிலு."