ஓடிய மணி நேரம்

எங்கள் மையத்தில் அவரைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். போய்ச் சேர்ந்தவர்களின் காது மிஷின்களை வாங்கி, துடைத்துச் சரிசெய்து, இல்லாதவர்களின் காதில் மாட்டிவிடுவது அவர் வேலை. வருகிறவர்களை எழுதிக்கொண்டு உட்கார வைப்பது என் வேலை. பதினோரு வருடமாக எங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். ஆள் சிடுமூஞ்சி, ஆனால் கைராசிக்காரர்.

மிஷின் வந்ததும் முதலில் காது அச்சைக் கழற்றிக் குப்பையில் போடுவார். அது ஒருவர் காதுக்கென்று வார்த்தது, இன்னொருவருக்கு ஆகாது. பிறகு பழைய குழாயை வெட்டி எறிவார், ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார், ஈரம் உறிஞ்சும் டப்பாவில் ஒரு நாள் வைப்பார். கடைசியாக வயரைச் செருகி, பழைய ஆளுக்கு வைத்திருந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் அழிப்பார். அழிப்பதற்கு முன் திரையில் ஒரு எண் வரும். மிஷின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று.

அந்த எண்ணை எனக்குப் படித்துக் காட்டுவதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

"எங்கப்பா இதக் கழட்டுனதே இல்லன்னு மூக்கச் சிந்திட்டுப் போனானே ஒரு மகன், ஞாபகம் இருக்காம்மா? மொத்தமே ஆறு மணி நேரம். மனுஷன் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது."

ஊருக்கெல்லாம் காது பார்த்தவர் வீட்டிலேயே காது கேட்காமல் போனது அவர் மனைவிக்கு. நான் அவரை அக்கா என்பேன். இருப்பதிலேயே சக்தி அதிகமான மிஷினைக் காதுக்காரரே தேர்ந்தெடுத்து, அளவு வைத்து மாட்டிவிட்டார். இரண்டே வாரம். வலிக்கிறது, விசிலடிக்கிறது என்று அக்கா கழற்றி வைத்துவிட்டார். "குடுத்து வைக்கல" என்று இவரும் கைகழுவிவிட்டார்.

அக்கா கழற்றி வைத்ததாகச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமைகளில் காதுக்காரர் வெளி முகாமுக்குப் போவார். மாதத்தில் ஒரு புதன்கிழமை அக்கா பேட்டரி வாங்க என்னிடம் வருவார். காதை மூடி முடியை வாரியிருப்பார்.

"எதுக்குக்கா இந்த ஒளிஞ்சு விளையாட்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மிஷினோட போய் முன்னால உக்காந்தா மனுஷன் வாயே தெறக்க மாட்டேங்கிறார். கேக்கலன்னு நெனச்சாத்தான் மனசுல இருக்கறது வெளிய வருது. ஃபோன்ல பேசறார், தனக்குத்தானே புலம்பறார். என்னத் திட்டுறார்னு வையி. திட்டட்டுமே, அவர் குரல்தானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரிக்காமல் போய்க் காதுக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு நாள் அக்கா மயங்கி விழுந்தார், மறுநாள் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்னக் கவரில் தோட்டையும் மிஷினையும் போட்டுக் கொடுத்தாளாம். "டாக்டர் பேசறது கேக்கணும்னு அன்னிக்கு மாட்டியிருப்பா" என்று அவரே எனக்கு விளக்கம் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அந்த மிஷின் அவர் மேசையின் கீழ் டிராயரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் எட்டு மாதம் கிடந்தது. மற்றவர்களிடம் மட்டும், "சும்மா பூட்டி வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க, யாருக்காவது ஆகட்டும்" என்பார். யாருக்காவது கொடுக்க வேண்டுமானால் வயரைச் செருக வேண்டும். செருகினால் எண் வந்துவிடும். அந்தப் பயம் அவருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, நாலு மாதக் குழந்தையோடு ஒரு பெண் மாமியாருடன் வந்தாள். அவளுடைய பழைய மிஷின் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. குழந்தையின் காலையும் தன் மணிக்கட்டையும் ஒரு துணி நாடாவால் கட்டியிருந்தாள். அழுதால் கேட்காதாம். உதைத்தால் நாடா இழுக்குமாம், அதற்காகத்தானாம்.

"அன்னிக்கு நாடா அவுந்துடுச்சுங்க," என்றார் மாமியார். "நான் கடைக்குப் போயிருந்தேன். வந்து பாக்கறேன், புள்ள அழுதழுது நீலம் பூத்துக் கெடக்கு. இவ முதுகக் காட்டிட்டுத் துணி மடிச்சிட்டிருக்கா."

காதுக்காரர் அவள் காதைச் சோதித்தார், அச்சுக்கு அளவு எடுத்தார், அலமாரியைக் குடைந்தார். அவளுக்கு வேண்டிய சக்தியில் ஒன்றுகூட இல்லை. கீழ் டிராயரில் இருப்பதை நான் சொல்லவில்லை. அவர் அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வாங்க. மிஷின் இருக்கு."

வியாழன் மத்தியானம் டிராயர் திறந்த சத்தம் கேட்டது. துடைத்தார், வயரைச் செருகினார். இந்தத் தடவை எதையும் படித்துக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே எழுந்து தடுப்பைத் தாண்டிப் போனேன்.

ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

"ரெண்டு வாரத்துல இவ்வளவு ஓடுமாம்மா?"

திரையைப் பார்த்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"என் தங்கச்சிகிட்ட ஃபோன்ல சொன்னேன். இவளோட கத்திக் கத்தியே என் ஆயுசு போச்சு, இவ போனாத்தான் எனக்கு நிம்மதின்னு சொன்னேன். பக்கத்துலதான் உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தா. நிமிர்ந்து என்னப் பாத்துச் சிரிச்சாம்மா."

அதற்கு மேல் மறைக்க எனக்கும் திராணியில்லை. புதன்கிழமைகளைச் சொன்னேன். பேட்டரியைச் சொன்னேன். அக்கா சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திட்டினாலும் அவர் குரல்தானே என்றதும் அவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அழிக்கட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து அழுத்தினார். எண் பூஜ்யமானது.

வெள்ளிக்கிழமை புது அச்சு வந்து சேர்ந்தது. மிஷினை மாட்டிச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். மாமியார் மடியில் இருந்த குழந்தை சிணுங்கியது. நாடா இழுக்காமலேயே அந்தப் பெண் திரும்பினாள். அழுகையும் சிரிப்புமாகக் குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டாள். மாமியாருக்குத் தாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கிசுகிசுத்தார்:

"போச்சு போங்க. இனிமே இவளப் பத்தி இவ முன்னாலயே ஒரு வார்த்த பேச முடியாது."

அந்தப் பெண்ணுக்கும் அது கேட்டுவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம். காதுக்காரர் மட்டும் வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு மாமியாரைப் பார்த்தார்.

"கழட்டி வெச்சிருந்தாலும் பேசாதீங்கம்மா," என்றார்.

அதன் பிறகும் மிஷின்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எண்ணை எனக்குப் படித்துக் காட்டுவதை அவர் விட்டுவிட்டார். வயரைச் செருகியதும் திரையின் அந்த மூலையை இடது கையால் மூடிக்கொண்டு, வலது கையால் அழிக்கிறார்.