கழுவாமல் நின்ற தவளை

நீர் வழங்கல் பிரிவின் பதிவேட்டில் அவரைப் பற்றி இரண்டே வரிகள்: 'வாகனம் கழுவும் பணியாளர். இயந்திர அறிவு தேவையில்லை.' எழுதியவர் அவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் பேனாவை மூடியிருப்பார். பதினெட்டு வருடமாக வண்டிகளின் வயிற்றுக்கடியிலேயே கிடப்பவர் அவர். சேற்றைப் பார்த்தே, வண்டி எந்தப் பாதையில் போனது, யார் ஓட்டியது, அதிகாரியின் மச்சான் வீட்டுக்கு ஓசியில் போனதா என்றெல்லாம் சொல்லிவிடுவார்.

மலை உச்சித் தொட்டிக்கு ஏறக்கூடிய ஒரே வண்டி, அந்தக் காலத்து ஆறு சக்கர வண்டி. எல்லோருக்கும் அது தவளை. இன்ஜின் பக்கம் ஒரு கிளட்ச் கப்பி, பின்னால் சக்கரங்களைச் சுழற்றும் கப்பி ஒன்று, இரண்டையும் இணைக்க ஒரு ரப்பர் பெல்ட். அந்த பெல்ட்தான் இரண்டு மாதத்தில் நான்கு முறை கருகியது. ஏற்றத்தில் வழுக்கும், ரப்பர் நாறும், அத்தோடு சரி. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் புது பெல்ட்டை மாட்டி, கப்பிகளின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்து, இரண்டும் நேராக இருப்பதாகச் சத்தியம் செய்தார். நேராகத்தான் இருந்தன. எனவே குற்றம் ஓட்டுநருடையது என்று முடிவானது. இன்னொரு பெல்ட் போனால் அவருக்கு கேட்டில் காவல் வேலைதான் என்றார் பொறியாளர். ஓட்டுநர், வண்டி கழுவும் இவருடைய கொழுந்தன்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு விதி உண்டு. கழுவாத வண்டியை மெக்கானிக் தொடமாட்டார். ஆக, வண்டியின் நோயைச் சொல்லும் அழுக்கைப் பார்ப்பவர் இவர் ஒருவரே. பார்த்த கையோடு அதை அழிக்க வேண்டியவரும் இவரே.

வியாழக்கிழமை ஐந்தாவது பெல்ட்டும் கருகி, தவளையைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெல்ட் மூடியைக் கழற்றிய அவர், தண்ணீர்க் குழாயைத் திறக்கவில்லை. பெல்ட்டின் கரும்பொடி இடது பக்கமே குவிந்திருந்தது. போன தடவையும் அப்படித்தான் இருந்தது. தேய்த்துக் கழுவிய கை இவருடையதே. ஓட்டுபவர் வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜினை முறுக்கினால் பெல்ட்டில் ஒரே இடம்தான் கருகும். இதுவோ சுற்றிலும் ஒரே ஓரமாகத் தேய்ந்திருந்தது; ஓடும்போது கப்பிகள் கோணினால்தான் அப்படித் தேயும்.

கழுவாமல்தான் ஒப்படைப்பேன் என்றார்.

"அண்ணி, ஏற்கெனவே என் தலை உருளுது. நீங்களும் சேர்ந்து உருட்டாதீங்க."

"உருண்டா உடையறதுக்கு உன் தலையில அப்படி என்ன இருக்கு? சும்மா நில்லு."

மெக்கானிக் விதியைச் சொன்னார். சத்தம் கேட்டு வந்த பொறியாளர், ஸ்கேல் பொய் சொல்லுமா என்று கேட்டார்.

"ஷெட்ல நேராத்தான் சார் நிக்கும். பெல்ட் கருகினது ஷெட்லயா? இழுக்கும்போது பாருங்க."

புது பெல்ட்டை மாட்டி, தவளையின் பின்பக்கத்தைக் கயிற்றால் தூணோடு இறுகக் கட்ட வைத்தார். எல்லோரையும் எட்டி நிற்கச் சொன்னார். கொழுந்தன் மெல்ல முடுக்கினார். கயிறு விறைத்தது. இன்ஜின், தன் கப்பியோடு, ஒரு விரல் அகலத்துக்குப் பக்கவாட்டில் சரிந்தது. விட்டதும் பரம சாதுவாகப் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. குனிந்து பார்த்தால், இன்ஜினைத் தாங்கும் நான்கு ரப்பர்களில் ஒன்று அடிப்பக்கம் பிளந்து கிடந்தது.

தானும் அதைத்தான் சந்தேகப்பட்டதாக மெக்கானிக் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, யாரும் நம்பவும் இல்லை.

மறுநாள் காலை, புது ரப்பரோடு, முதுகு கொள்ளாத குழாய்ச் சுமையோடு தவளை மலையேறியது. வழுக்கல் இல்லை, நாற்றம் இல்லை. உச்சியிலிருந்து கொழுந்தன் அடித்த ஹாரன் கீழே ஷெட் வரை கேட்டது. அந்த பெல்ட் ஒரு வருடம் ஓடியது. அவரும் அதே இருக்கையில் இருந்துதான் ஓட்டினார்.

அண்ணி செய்தது இவ்வளவுதான்: ஒரு வண்டியைக் கழுவ மறுத்தார்; அதைத் தூணில் கட்டி, அதன் இன்ஜின் நகர்வதை மூன்று ஆண்களுக்குக் காட்டினார்.