என் அக்கா தேவதை இல்லை

என் அக்கா சிங்கப்பூர் போகும் பாலத்தில் விழுந்ததைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். அதை மலேசியப் பக்கத்து ஜொகூர் பாருவில் ஜாஸ் வாசிப்பவர்களோடு சேர்ந்து மேடையில் படித்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

அக்கா பதினோரு வருடம் சிங்கப்பூரில் வேலை செய்தாள். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு தொழிற்சாலையில். ஜொகூரில் எங்கள் ஊரான ஸ்கூடாயிலிருந்து தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போவாள். ஒரு மழை நாளில், பாலத்தின் மோட்டார் சைக்கிள் பாதையில், முன்னால் போனவர் திடீரென்று பிரேக் பிடிக்க அக்காவின் வண்டி சறுக்கியது. இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் ஆறு மணி ஷிப்ட். உதவிக்கு அதிகாரிகள் வந்து சேரும்வரை அவள் அப்படியே கிடந்தாள். காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். அவள் எழுந்து நடப்பதற்குள் வேலை போய்விட்டது.

நான் பக்கத்து ஊரான சினாயில் ஒரு தொழிற்சாலையில் கிராணி, அதாவது குமாஸ்தா. சரக்கு அனுப்பும் பிரிவில் பெட்டிகளின் எண்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. கவிதை எழுதுவது சாப்பாட்டு நேரத்தில். ஞாயிறு பத்திரிகைகளில் எப்போதாவது ஒன்று வரும். அக்கா கவிதையை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. அதில் அழகான சொல் ஒன்றுகூட இல்லை.

மழை. மணி நாலே முக்கால்.
அக்கா விழுந்தாள்.
ஹாரன்.
கால் வண்டிக்கு அடியில்.
ஹாரன்.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
எல்லாருக்கும் ஆறு மணிக்கு வேலை.
ஹாரன்.

இப்படியே ஒன்றரைப் பக்கம் போகும்.

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சீனர் உண்டு. ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பேஸ் வாத்தியத்தை வாசிப்பவர். கேண்டீனில் ஒரு நாள் என் எதிரே உட்கார்ந்து, என்ன எழுதுகிறாய் என்று மலாயில் கேட்டார். நான் மலாயில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர் தட்டிலிருந்த மீ கோரேங் நூடுல்ஸைச் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், ஹாரன் எத்தனை முறை வருகிறது என்று கேட்டார். பதினாலு என்றேன். இதை மேடைக்குக் கொண்டுபோகலாம் என்றார். படிக்கலாம் என்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வாத்தியத்தில் வாசிப்பதை.

ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருவில், மாடியில் இருந்த ஒரு கலைக்கூடத்தில் கவிதையும் ஜாஸும் சேர்ந்த நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அவருடைய குழு அதில் வாசிப்பதாக இருந்தது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒத்திகை மூன்று முறை, கூலாயில் அவர் வீட்டுக் கார் கொட்டகையில். டிரம்ஸ் வாசித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். சாக்ஸபோன் வாசித்தவர் ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரர், அரசாங்க வாத்தியக் குழுவில் இருந்தவர். மூன்று பேருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு வரியைக்கூட அர்த்தம் கேட்காமல் விடவில்லை. சாக்ஸபோன்காரர் எந்தச் சொல்லில் அவள் விழுகிறாள் என்று கேட்டார். காட்டினேன். அந்தச் சொல்லைத் தமிழிலேயே தன் தாளில் மலாய் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கே தான் வாசிக்கப் போவதில்லை, மூச்சை மட்டும் விடப் போவதாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ் தெரிந்த எங்கள் எழுத்தாளர் கூட்டத்தில் ஒரு பெரியவர், கவிதை சொல்லத் தெரியாதவர்கள்தான் கொட்டுச் சத்தத்தில் ஒளிந்துகொள்வார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அவருக்கு அந்த மூச்சைக் கேட்கக் காது இருந்திருக்காது.

நிகழ்ச்சியை நடத்தியவர் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். அப்பா, தாத்தா எல்லாம் பெரிய உத்தியோகம் பார்த்த குடும்பம். தமிழ் பேசுவார், கொஞ்சம் யோசித்து யோசித்து. பார்வையாளர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலிருந்து வருவார்கள், அதனால் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு திரையில் ஓடும் என்றார். மொழிபெயர்க்கக் கவிதையைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மொழிபெயர்ப்பை நான் ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டேன்.

“கவலைப்படாதீங்க லா, சிஸ்டர். நானும் தமிழ்தானே,” என்றார்.

இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் ஆங்கிலத்துக்கும் உடுப்புக்கும் முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. இதற்காக இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன். கீழே காப்பிக் கடை, மேலே கூடம். ஏறுவதற்கு ஒடுக்கமான மரப்படிகள். லிஃப்ட் கிடையாது. கால் உடைந்தவளைப் பற்றிய கவிதைக்கு அந்தக் கால் உடைந்தவளே வருவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அக்கா ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் கைப்பிடிச் சுவருமாக, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள். மேலே வந்தபோது வியர்த்துக் கொட்டியது. மூன்றாவது வரிசையில் ஓர நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

எங்கள் முறை வந்தது. திரை என் முதுகுக்குப் பின்னால். பேஸ் மெதுவாகத் தொடங்கியது, வண்டி சூடேறுவது மாதிரி. டிரம்ஸ்காரர் மழையைக் கொண்டுவந்தார். நான் படித்தேன். “அக்கா விழுந்தாள்” என்ற இடத்தில் சாக்ஸபோன் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. ஒத்திகையில்கூட அப்படி அமைந்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். முன் வரிசையில் இருந்தவர்கள் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். ஒரு பெண் நெஞ்சில் கை வைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஹாரனைச் சொன்னேன். அதற்கும் அதே புன்னகை. அக்காவைத் தேடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் ஆங்கிலத்தில் வேலை வாங்கியவர்களிடம் இருந்தவள், அவளுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். அவள் முகம் சுருங்கியது. பிறகு தாடையால் எனக்குப் பின்பக்கம் காட்டினாள்.

திரும்பினேன். திரையில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வெளிச்சத்தின் நதி ஒன்று இரண்டு தாயகங்களை இணைக்கிறது. மழையில் நனைந்த ஒரு தேவதை அதில் மெல்ல இறங்குகிறாள். தூரத்தில் சங்கொலி அவளை வரவேற்கிறது.

சங்கொலி. என் பதினாலு ஹாரனும் சங்கொலி.

படிப்பதை நிறுத்திவிட்டேன். மூவரும் நான் எங்கேயோ தவறவிட்டேன் என்று நினைத்து, அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்து மலாயில் சொன்னேன்.

“பின்னாடி ஓடுறது என் கவிதை இல்ல. நதி இல்ல. தேவதை இல்ல. ரோட்டுல விழுந்து கிடந்தது என் அக்கா.”

வாத்தியங்கள் நின்றன. நடத்தியவர் மேடை ஓரத்திலிருந்து வேகமாக வந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. என் தோளில் கை போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். ஒரு கவிதை மொழி மாறும்போது புதிதாகப் பிறக்கிறது, கவிஞரும் மொழிபெயர்ப்பும் மேடையிலேயே மோதிக்கொள்வதுதான் நேரடி நிகழ்ச்சியின் அழகு என்றார். அவர்கள் கைதட்டினார்கள். என் கோபத்துக்கும் கைதட்டினார்கள், அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்பதுபோல. அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டேன். வேறு ஏதாவது செய்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அப்போது பேஸ்காரர் தன் வாத்தியத்தைத் தரையில் படுக்க வைத்தார். நடந்து போய், தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் புரொஜெக்டரின் வாயில் மாட்டினார். திரை இருண்டது. திரும்பி வந்து வாத்தியத்தை நிமிர்த்தி, முதலிலிருந்து என்று என்னிடம் சொன்னார்.

முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை, தெரிந்த அளவு ஆங்கிலத்தில் ஒரு முறை. இலக்கணம் பார்க்கவில்லை. இந்த முறை ஹாரன் வந்த இடமெல்லாம் சாக்ஸபோன்காரர் ஒரே சுரத்தை முகம் சிவக்க ஊதினார். காது வலித்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. எனக்கு அது போதும்.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அக்காவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். பாதியில் அவள் நின்றாள்.

“நான் எப்படிடீ தேவதை ஆனேன்?” என்றாள்.

அந்தப் பெண்ணைத் திட்ட ஆரம்பித்தேன். தமிழ் சரியாகப் புரியாதவளுக்கு எதற்கு இந்த வேலை என்றேன். கேட்க ஆள் இல்லை என்றால் எதை வேண்டுமானாலும் எழுதுவார்களா என்றேன். அக்கா ஊன்றுகோலை அடுத்த படியில் ஊன்றினாள்.

“நீ மட்டும் என்ன? யாருமே நிக்கலன்னு எழுதியிருக்க. ஒருத்தன் நின்னான்னு நான் சொன்னேன்ல?”

சொல்லியிருந்தாள். மருத்துவமனையில், வலி மருந்தின் மயக்கத்தில். யாரோ ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளி தன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அவள் வண்டியைத் தூக்கிக் காலை விடுவித்து, தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டுவிட்டுப் போனான். நனைந்துகொண்டே போனான். நான் அதை மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். அவன் வந்தால் கவிதையின் சூடு குறைந்துவிடும் என்று தோன்றியது.

“அவனுக்கும் அன்னிக்கு வேலைக்கு லேட்டாயிருக்கும்,” என்றாள் அக்கா.

மறுநாள் நடத்தியவர் நிகழ்ச்சியின் காணொளியை வெளியிட்டார். முதல் வாசிப்பு மட்டும் இருந்தது, நான் நிறுத்திய இடம்வரை. கீழே அதே தேவதை, அதே நதி. எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். மூன்றாவது முறை பேஸ்காரர் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டு, தங்கள் இசையும் அதில் இருக்கிறது, தங்களுக்கும் சம்மதம் இல்லை என்று சொன்ன பிறகே அந்தப் பெண் காணொளியை எடுத்தார். எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். தனக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, அம்மா தொலைபேசியில் படித்துச் சொன்னதைக் கேட்டு எழுதியதுதான் அது, பாலம் என்றாலே தனக்கு இரவு விளக்குகள்தான் நினைவுக்கு வரும் என்றார். குரலில் அழுகை இருந்தது. எழுத்து தெரியாதது குற்றம் இல்லை என்று பதில் போட்டேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேண்டீனில் சொன்னதுபோல அவருக்கும் வரிவரியாகச் சொல்லியிருப்பேன் என்றும் எழுதினேன். மன்னித்தேன் என்று எழுதவில்லை. இரவு விளக்குகளைக் காருக்குள் இருந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் பாலம் வேறு பாலம்.

அந்தக் கூடத்திலிருந்து எங்களுக்கு மறுபடி அழைப்பு வரவில்லை. நாங்கள் கூலாயில் தொடர்ந்து கூடினோம். மழைக்கோட்டுக்காரனைக் கவிதையில் சேர்க்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவன் உள்ளே வந்ததும் மற்றவர்கள் அடிக்கும் ஹாரன் முன்னைவிட மோசமாகக் கேட்டது. நான் பயந்ததுபோல எதுவும் ஆறிப்போகவில்லை. பாலத்தின் மேலும், அந்த ஆறு மணி ஷிப்டின் மேலும், வேலையிலிருந்து அவளை நிறுத்திய ஒற்றைக் கடிதத்தின் மேலும் எனக்கு இருந்த கோபம் கூடத்தான் செய்தது.

எழுதி முடித்ததும் முதலில் அக்காவிடம்தான் படித்தேன். அவள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு என்று வந்த இடத்தில் கையை நிறுத்தினாள்.

“மஞ்சள்னு யார் சொன்னா? பச்சை.”

பச்சை என்று மாற்றினேன். “ம், படி,” என்றாள்.