சாமித் தட்டிலிருந்த வெள்ளைப் பெட்டி

மச்சாள் தன் வீட்டுக் கதவுத் திறப்பை என் கையில் வைத்தபோதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். அவளும் அவளுடைய கணவரும் இந்தப் பனிநாட்டுக் குளிருக்குத் தப்பி மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு வரப் புறப்பட்டிருந்தார்கள். மோர்னிங்சைட்டில் பூட்டிக் கிடக்கப்போகும் அவர்களுடைய வீட்டை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஆளில்லாத வீட்டை அடிக்கடி போய்ப் பாக்க ஒராள் வேணுமாம் மச்சாள். இல்லாட்டி, ஏதும் நடந்தா இன்சூரன்ஸ்காரர் கையை விரிச்சுப்போடுவினம்" என்றாள். "செவ்வாயும் வெள்ளியும் வந்தியள் எண்டாக் காணும். சாமிக்கும் ஒரு விளக்கு வச்ச மாதிரி இருக்கும்."

"ஓம், அதுக்கென்ன" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மெண்டில் இரண்டு அறைக்குள் ஐந்து பேர் இருக்கிறோம். காலையில் குளியலறைக்கு அடிபிடி. நான்கு அறையுள்ள வீடு இந்தக் குளிர் மாரி முழுக்கச் சும்மா கிடக்கப் போகிறது, 'நீங்கள் வந்து இருங்கோவன்' என்று ஒரு பேச்சுக்காவது அவள் கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் புகைந்தது. கேட்டிருந்தால் போயிருப்பேனா? மாட்டேன். எனக்கு ரோஷம் வந்திருக்கும். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போனால் வேலை பெரிதில்லை. வாசலில் ஸ்நோவைத் தள்ளி, ஆள் நடமாடும் வீடு போலக் காட்ட வேண்டும். கதவடியில் கிடக்கும் விளம்பரத் தாள்களைப் பொறுக்க வேண்டும். எல்லாப் பைப்புகளையும் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குழாய்க்குள் உறைந்து குழாய் வெடித்துவிடும். ஹீட்டையும் அவள் முழுக்க நிறுத்தவில்லை. குழாய் உறையாத அளவுக்குக் குறைத்து வைத்திருந்தாள். "வீடு குளிரும் மச்சாள், ஜக்கெட்டைக் கழட்டாதேங்கோ" என்று சொல்லித்தான் போனாள்.

ஆனால் நான் நினைத்த அளவுக்கு வீடு குளிரவில்லை. உள்ளே போனதும் விரல்கள் விறைக்கும்தான். சப்பாத்தைக் கழற்றி, விளக்குக்குத் திரி போடுவதற்குள் நிலத்திலுள்ள துவாரங்களால் சூட்டுக் காற்று வரத் தொடங்கிவிடும். காசுள்ளவர்களின் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இப்படித்தான் வேலை செய்யுமாக்கும் என்று நினைத்து, அதன்மேலும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

சமைக்கும் குசினிக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்ந்தாற்போல் சாமித் தட்டு. பிள்ளையார், முருகன், லட்சுமி படங்கள். முருகன் படத்தருகே கைக்கு அடக்கமாக ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் சின்னதாய் ஒரு நீல வெளிச்சம். மந்திரம் பாடும் பெட்டி எங்கள் ஆட்களின் வீடுகளில் இருப்பதுதானே, இது புது மாதிரியாக்கும் என்று நினைத்தேன். பாட வைக்க ஒரு சுவிட்சைத் தேடினேன், அகப்படவில்லை. சாமித் தட்டில் இருப்பதை வெறும் நெற்றியோடு விடவும் மனம் வரவில்லை. படங்களுக்குச் சந்தனம் வைத்த கையோடு அதன் மேல் விளிம்பிலும் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். புதுக் காருக்குப் பொட்டு வைக்கிற சனம் நாங்கள். அதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பிறகு கும்பிடத் தொடங்கினேன், வாய்விட்டு. எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரு பெருமூச்சு விட்டாலும் யாராவது என்ன என்று கேட்பார்கள். இங்கே கேட்க யாருமில்லை. முதல் நாள் பிள்ளைகளின் படிப்பு, அவருடைய முதுகு வலி என்றுதான் ஆரம்பித்தேன். போகப்போக எல்லாம் மச்சாளைப் பற்றியே ஆகிவிட்டது.

"முருகா, இவைக்குப் பூட்டி வைக்க ஒரு வீடு. எங்களுக்குக் காலை நீட்டிப் படுக்க இடமில்லை. இது உனக்கே சரியாப் படுதோ? தமையன்ரை பிள்ளையளை ஒரு நாள் நினைச்சவளோ? வேலைக்காரியிட்டைக் குடுக்கிற மாதிரித் திறப்பைத் தந்திட்டுப் போட்டாள்."

ஒருநாள் அவளைப் போலவே கழுத்தைச் சாய்த்து, "ஜக்கெட்டைக் கழட்டாதேங்கோ" என்று இழுத்து நெளித்துக் காட்டினேன். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அவளுடைய சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்தேன். தேயிலை மட்டும் என் வீட்டிலிருந்து கொண்டுபோனது. அவளுடையதைத் தொடமாட்டேனாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடும் காற்றோடு ஸ்நோ கொட்டி ஓய்ந்திருந்தது. கதவைத் திறந்தால் வீட்டுக்குள் வெளியில் உள்ள குளிர். காத்திருந்து பார்த்தேன், சூட்டுக் காற்று வரவில்லை. துவாரத்தில் கையை வைத்தேன், ஒன்றுமில்லை. குசினிப் பைப்பில் தண்ணீர் நூல் போல வந்தது. நேரே சாமித் தட்டுக்கு ஓடி, விபூதித் தட்டத்தைக் கையில் எடுத்தேன்.

"முருகா, என்னை மாட்டிப்போடாதை. குழாய் வெடிச்சா, நான்தான் பாக்கேல்லை எண்டு அவள் உலகமெல்லாம் சொல்லித் திரிவாள். அவளின்ரை வாயைப் பற்றி உனக்குத் தெரியுந்தானே!"

"மச்சாள், பயப்பிடாதேங்கோ."

குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. கையிலிருந்த விபூதித் தட்டம் நிலத்தில் விழுந்து உருண்டது.

"நான்தான் மச்சாள். உது கமரா, அதாலைதான் கதைக்கிறன். வீடு குளிருதெண்டு போனிலை காட்டுது. உங்களுக்கும் போன் அடிச்சனான், நீங்கள் எடுக்கேல்லை. வெளியிலை, பக்கத்துச் சுவராலை ஃபர்னஸ் மூச்சு விடுற ரெண்டு வெள்ளைப் பைப் வருது. ஸ்நோ மூடியிருக்கும். அதை வழிச்சு விட்டிட்டு, பேஸ்மெண்டிலை ஃபர்னஸுக்குப் பக்கத்திலை இருக்கிற சுவிட்சை ஒருக்கா நிப்பாட்டித் திருப்பிப் போடுங்கோ. எல்லாம் சரியாகிடும்."

அவளுடைய குரலுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துத் தெருவில் ஓட்டோ ஒன்று போகும் சத்தம் கேட்டது.

வெளியே போனேன். முழங்காலளவு ஸ்நோ. அந்தக் குழாய்களின் வாய் இரண்டும் மூடிக் கிடந்தன. கையால் வழித்தேன். பேஸ்மெண்டுக்குப் போய் அவள் சொன்னபடி செய்தேன். ஃபர்னஸ் செருமிக்கொண்டு வேலை செய்யத் தொடங்கியது. கீழே நின்றபடியே ஒவ்வொன்றாக நினைவு வந்தது. சந்தனப் பொட்டு, வேலைக்காரி, கழுத்தைச் சாய்த்துக் காட்டியது, சற்று முன் அவளுடைய வாயைப் பற்றிச் சொன்னது. எல்லாம் அவளுடைய முகத்துக்கு நேரேதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மேலே வந்து, பெட்டிக்குத் தெரியாத பக்கமாகச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"எவ்வளவு நாளா மச்சாள் இதாலை பாக்கிறியள்?"

"ஆர் உள்ளுக்கை வந்தாலும் என்ரை போன் அடிக்கும். நீங்கள் எண்டு கண்டால் ஹீட்டைக் கூட்டி விடுவன், போனாப் பிறகு குறைச்சு விடுவன். குளிருக்கை நிண்டு கும்பிடுறியள்..." அவள் ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

பஸ்ஸில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரவு கணவர், "தங்கச்சி வீடு எப்பிடி?" என்று கேட்டார். "நல்ல சூடா இருக்கு" என்றேன்.

அடுத்த செவ்வாய், ஜக்கெட்டைக் கழற்றாமல் வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிடுவது என்றுதான் போனேன். கதவைத் திறக்கும்போதே வீடு சூடாக இருந்தது. வழக்கமாக நான் வரும் நேரத்துக்கு முன்னமே கூட்டி வைத்திருக்கிறாள். சாமித் தட்டைப் பார்த்தேன். பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. நீல வெளிச்சம் இல்லை. நான் வெட்கப்படக் கூடாதென்று கமராவை நிறுத்திவிட்டாள்.

விளக்கை ஏற்றிவிட்டு, அந்தக் குருட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்று, "மச்சாள், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுதேன்.

பங்குனியில் அவள் திரும்பி வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, பனங்கிழங்கு ஒடியல் மாவும் எள்ளுருண்டையும் தந்தாள். கமராவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் திறப்பை நீட்டினேன்.

"உங்களிட்டையே இருக்கட்டும் மச்சாள். அடுத்த மாரிக்கும் நீங்கள்தானே" என்றாள்.

"ஓம், அதுக்கென்ன" என்றேன். சொல்ல வேண்டியதை ஆளில்லாத வீட்டில் ஒருமுறை சொன்னதுதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.